செவிக்கல்

நிசெலேனி ஆறு இறங்கியிருக்கிறது.
கரைச்சுவரில் இன்று அறுபத்திரண்டு வளைகள்.
முழங்கை வரை கையை விட்டுத்தான் பார்க்க வேண்டும்.
முதலை இருக்காது என்று சொன்ன ம்ஃபனஃபிகிலே
தன் கையை விடவில்லை,
குறிப்பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சேற்றின் கடைக்கோடியில்
விரலில் முதலில் படுவது முள்.
பிறகு ஓடு,
தகடு தகடாய்ப் போர்த்திய உடம்பு.
தொட்டி கழுவும் மீன் என்று
கடைகளில் விற்றது.
ஓடிவிடலாம், வழி இருக்கிறது, ஓடுவதில்லை.
முட்டைக் கொத்தின் மேல் படுத்தபடி
வாலால் என் விரலை அறைகிறது.
தகப்பன்.

தண்ணீரில்லாத வாளியில்
எம்பங்கேனி வரை குலுங்கி வந்தும்
மேசையில் வாய் திறந்து மூடுகிறது.
காற்றை விழுங்கி
இரைப்பையால் மூச்சு விடத் தெரிந்த பிறவி.
கிராம்பெண்ணெய் கலந்த நீரில் போட்டால்தான் அடங்கும்.
ஆய்வுக்கூடம் முழுக்கப் பிரியாணி மணக்கும்.
மதியச் சோறு எனக்கு இறங்காது.

இரண்டாவது, பெண்.
முப்பத்தேழு சென்டிமீட்டர், நானூற்றுப் பத்து கிராம்.
குடலை இழுத்து நீட்டினால்
மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது,
உள்ளே பாசி, மணல்.
சினையைத் தட்டில் பரப்பி
ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணுகிறேன்.
ஆயிரத்து நூற்றுப் பதினொன்றில்
தொலைபேசி.

ஆற்றுப் பலகையில் எண்ணைப் பார்த்தாராம்.
பேர் வேண்டாம் என்று தொடங்கி
தயாளன் படையாச்சி என்று முடித்தார்.
வீடு மாறிய வருஷம்.
கண்ணாடித் தொட்டி புது வீட்டு வாசலில் நுழையவில்லை.
கழிவறையில் கொட்ட மனசு வரவில்லை.
மகள் காரிலேயே அழுதுகொண்டிருக்க
பாலத்தடியில் இறங்கி
பிளாஸ்டிக் பையின் முடிச்சை அவிழ்த்திருக்கிறார்.
"இரண்டே இரண்டுதான் மேடம்.
பாவம்னு விட்டுட்டேன்."

பேச்சு முழுக்க ஆங்கிலம்,
அந்த ஒரு சொல் மட்டும் தமிழ்.
நாலைந்து தலைமுறையில் மற்றதெல்லாம் உதிர்ந்தும்
எங்கள் வாயில் ஒட்டிக்கிடப்பது.
இரக்கத்துக்கும் குற்றத்துக்கும்
ஒரே எழுத்துகள்.
எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
எந்த மாதம் என்று கேட்டேன்.
எத்தனை அங்குலம்.
ஆணா, பெண்ணா.
"அதெல்லாம் யார் பார்த்தா?"
மகள் வைத்த பெயர்கள் தெரியுமாம். சொன்னார்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

"அதுங்க இன்னும் இருக்குமா?"
இதுவரை நான் பார்த்த மூத்த மீனுக்கு வயது ஒன்பது.
அவர் சொன்ன வருஷம் அதற்கும் வெகு முன்னால்.
இருக்காது என்றேன்.
அந்தப் பக்கம் ஒரு மூச்சு வந்தது,
என்ன மூச்சு என்று தெரியவில்லை.

கூட்டங்களில் யாராவது கேட்பார்கள்,
நீங்களும் கப்பலில் வந்தவர்கள்தானே என்று.
சிரிப்பார்கள்.
நான் அடுத்த படத்துக்குப் போவேன்:
இடிந்து விழுந்த கரை,
வேர் வெளியே தொங்கும் அத்திமரம்.

இரவில், அந்த ஆணின் தலையைத் திறந்து
செவிக்கல்லை எடுக்கிறேன்.
கடுகில் பாதி.
மேலெது கீழெது என்று
இருட்டுச் சேற்றில் அதற்குச் சொல்லிக்கொண்டிருந்த கல்.
உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து
விளக்கடியில் வைத்தால்
குளிர்காலத்துக்கு ஒன்றாய் வளையங்கள்.
ஆறு.
ஏழாவது முடியவில்லை,
விளிம்பில் மெல்லிய வெளிச்சமாய் நிற்கிறது.

அறிக்கையில் எழுதினேன்:
நவம்பர் முதல் பிப்ரவரி வரை
முட்டையிருக்கும் வளையை விட்டு ஆண் நகர்வதில்லை.
ஆகவே இம்மாதங்களில்
கையால் பிடிப்பது எளிது.
ஆகவே என்ற சொல்லை
இரண்டு முறை அடித்தேன்.
வேறு சொல் கிடைக்கவில்லை, திரும்ப எழுதினேன்.

தட்டில் சினை காயத் தொடங்கியிருந்தது.
எது வரை தள்ளினேன் என்று
ஊசி சொல்லவில்லை.
இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக்
கலைத்து,
ஒன்று.